நாலு பேர், ஒரு மேசை: இசகாயாவுக்கு முதல்முறை போகிறவர்களுக்கு

டோக்கியோவுக்கு வந்த புதிதில் நாங்கள் நாலு பேர் ஓர் இசகாயாவுக்கு, அதாவது குடிக்கவும் கூடவே தொட்டுக்கொள்ளவும் கிடைக்கிற ஜப்பானியக் கடைக்குப் போனோம். ஊர் வழக்கப்படி ஆளுக்கு ஒன்று சொன்னோம். எனக்குப் பொரித்த கோழி, ஒருவனுக்குக் குச்சியில் சுட்ட கோழி, இன்னொருவனுக்கு வறுத்த நூடுல்ஸ், நாலாமவனுக்குச் சுட்ட மீன். கோழி ஐந்து நிமிடத்தில் வந்துவிட்டது. மீன் வர முக்கால் மணி நேரம். அதுவரை அவன் எங்கள் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பரிமாறிய பெண் ஒவ்வொரு தட்டையும் மேசை நடுவில் வைத்துவிட்டுப் போக, நாங்கள் 'இது என்னுது' என்று இழுத்து முன்னால் வைத்துக்கொண்டோம். பக்கத்து மேசைக்காரர்களுக்கு நல்ல வேடிக்கையாக இருந்திருக்கும்.

கடையில் தப்பே இல்லை. இசகாயாவில் ஆர்டர் மேசைக்குத்தான், ஆளுக்கு இல்லை. எந்தத் தட்டு முதலில் தயாராகிறதோ அது முதலில் வரும், வந்தது எல்லோருக்கும். எடோ காலத்தில் (17 முதல் 19-ஆம் நூற்றாண்டு வரை) மதுக்கடைக்கு வந்தவர்கள் வாங்கிக்கொண்டு போகாமல் அங்கேயே உட்கார்ந்து குடிக்க ஆரம்பித்து, அதற்குத் தொட்டுக்கொள்ள ஏதாவது கொடுக்கப் போய் வளர்ந்த கடைகள் இவை. அதனால் 'முழுச் சாப்பாடு' என்கிற எண்ணமே இங்கே கிடையாது. சின்னத் தட்டுகள், கொஞ்சம் கொஞ்சமாக, இரண்டு மணி நேரம். இந்த ஒன்று பிடிபட்டால் மற்ற குழப்பங்களில் பாதி தானாகத் தீரும்.

எந்தக் கடை, எந்த நாள்

முதல்முறைக்கு ஒரே பெயரில் பல கிளைகள் உள்ள ஒரு சங்கிலிக் கடையே போதும். படம் போட்ட மெனு இருக்கும், பல இடங்களில் தொடுதிரை இருக்கும், அதில் ஆங்கிலமும் இருக்கும். ஒசாகாவில் 1985-ல் தொடங்கிய தோரிகிசோகு மாதிரிக் கடைகளில் எல்லாத் தட்டுக்கும் ஒரே விலை என்பதால் கணக்கும் சுலபம். டோக்கியோவில் ஷிம்பாஷி, யூராகுச்சோ ரயில் பாலத்தடிக் கடைகளும், ஷிஞ்ஜுகுவின் ஒமோயிதே யோகோச்சோ சந்தும் பார்க்க அழகுதான். ஆனால் அங்கே பல கடைகளில் ஏழெட்டு இருக்கைதான். நாலு பேராகப் போனால் வாசலில் நின்று திரும்ப வேண்டியிருக்கும். இரண்டு பேராகப் போக அவற்றை வைத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளிக்கிழமை மாலை முன்பதிவு இல்லாமல் போகாதீர்கள். டிசம்பர் முழுக்க 'போனென்காய்' எனப்படும் ஆண்டிறுதி விருந்துகள். மார்ச் கடைசியிலும் ஏப்ரலிலும் வழியனுப்பு, வரவேற்பு விருந்துகள். அந்த நாட்களில் இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. தாபேலாக், ஹாட் பெப்பர் என்ற உணவகத் தளங்கள் இரண்டிலும் இணையத்திலேயே பதிவு செய்யலாம். தாபேலாகில் மதிப்பெண் பார்த்துப் பயப்பட வேண்டாம். நம் ஊர்ச் செயலிகளில் 3.5 என்றால் யோசிப்போம், அங்கே 3.5 வாங்கிய கடை நல்ல கடை. ஜப்பானியர்கள் அவ்வளவு கஞ்சத்தனமாகத்தான் மார்க் போடுவார்கள்.

தெருவில் நின்றுகொண்டு 'இசகாயா? குடிக்க வரீங்களா? தள்ளுபடி!' என்று கூப்பிடுகிறவர்கள் பின்னால் மட்டும் போகாதீர்கள், குறிப்பாக ஷிஞ்ஜுகுவின் கேளிக்கைப் பகுதியான கபுகிச்சோ பக்கம். பில் வரும்போதுதான் கதை தெரியும். நல்ல கடை வாசலில் ஆள் நிறுத்திக் கையைப் பிடித்து இழுக்காது.

வாசலில்

கதவைத் திறந்ததும் கடை முழுக்க 'இராஷ்ஷாய்மாசே!' என்று கத்துவார்கள். திரும்பி எதுவும் சொல்ல வேண்டாம், லேசாகத் தலையாட்டினால் போதும். அடுத்த கேள்வி 'நான்மே சாமா தெஸ் கா?', எத்தனை பேர் என்று. விரலைக் காட்டுங்கள். 'யோனின் தெஸ்' என்றால் நாலு பேர். காலியாக ஒரு மேசை தெரிந்தாலும் நீங்களாகப் போய் உட்கார வேண்டாம், அழைத்துப் போவார்கள்.

பாய் விரித்த இடமோ, மேசைக்கு அடியில் கால் தொங்கவிடும் பள்ளம் இருக்கும் இடமோ கிடைத்தால் செருப்பைக் கழற்ற வேண்டும். வாசலருகே சின்னச் சின்ன மரப் பெட்டிகள் இருக்கும். உள்ளே ஷூவை வைத்துவிட்டு, சாவியாக இருக்கிற மரப்பலகையை உருவி எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பலகை கோயில் சுண்டல் தட்டு அளவுக்குப் பெரிதாக இருந்தாலும் தொலைக்க ஆள் உண்டு, எங்கள் கூட்டத்திலேயே இரண்டு முறை. சட்டைப் பையில் போடாமல் மேசை மேல் வையுங்கள். கட்டை விரல் எட்டிப் பார்க்கிற காலுறையை அன்றைக்குப் போடாதீர்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. சொல்லிவிட்டேன்.

2020 ஏப்ரலிலிருந்து உணவகங்களுக்குள் புகைபிடிக்கப் பொதுவாகத் தடை. ஆனால் பழைய சிறிய கடைகளுக்கு விலக்கு உண்டு. புகை ஆகாதவர்கள் வாசலில் ஒட்டியிருக்கும் வில்லையைப் பார்த்துவிட்டு நுழையுங்கள். கூட்டத்தில் இருபது வயதுக்குக் கீழே யாராவது இருந்தால் புகை அனுமதி உள்ள இடத்தில் விடவே மாட்டார்கள். 2022-ல் வயதுவந்தோர் வயதை 18 ஆகக் குறைத்தாலும், மதுவுக்கும் புகைக்கும் இருபதுதான்.

கேட்காமல் வரும் கிண்ணம்

உட்கார்ந்ததும் கை துடைக்க ஈரத்துண்டு வரும், குளிர்காலத்தில் சூடாக. கையை மட்டும் துடைக்க வேண்டும் என்பது விதி, முகத்தையும் கழுத்தையும் துடைக்கும் மாமாக்கள் எல்லா மேசையிலும் இருப்பார்கள் என்பது நிஜம்.

அதோடு ஆளுக்கு ஒரு சின்னக் கிண்ணம் வரும். வேகவைத்த கீரை, கொஞ்சம் உருளைக்கிழங்கு சாலட், மூன்று துண்டு மீன் என்று ஏதோ ஒன்று. நீங்கள் சொல்லவே இல்லையே என்று திருப்பி அனுப்பாதீர்கள். அது 'ஒதோஷி'. இடத்துக்கான கட்டணம் அந்தக் கிண்ணத்தின் உருவத்தில் வருகிறது, பெரும்பாலும் தலைக்கு 300 முதல் 500 யென். ஏமாற்று வேலை இல்லை, கடைகளின் பொது வழக்கம். ஒதோஷி இல்லாத சங்கிலிக் கடைகளும் உண்டு. சைவக்காரர்கள் அதில் மீன் இருந்தால் வேறு கிடைக்குமா என்று கேட்கலாம். மாற்றிக் கொடுக்கிற கடைகள் உண்டு, மாற்றாவிட்டாலும் காசு காசுதான். பக்கத்தில் இருக்கிறவரிடம் தள்ளிவிடுங்கள்.

முதல் சுற்று

முதலில் கேட்பது குடிக்க என்ன என்றுதான். சாப்பாட்டு மெனுவைப் புரட்டிக்கொண்டு பத்து நிமிடம் யோசிக்கிற நேரம் இது இல்லை. 'தோரிஅயேஸு நாமா' என்பது இங்கே மந்திரம் மாதிரி, 'இப்போதைக்கு ஒரு டிராஃப்ட் பீர்' என்று பொருள். எல்லோரும் ஒரே பானம் சொன்னால் சீக்கிரம் வரும், சீக்கிரம் ஆரம்பிக்கலாம் என்பதுதான் அதன் காரணம். எல்லோருடைய கோப்பையும் வந்து 'கன்பாய்' (நம் 'சியர்ஸ்') சொல்லும் வரை யாரும் வாய் வைப்பதில்லை. தாகம் எடுத்தாலும் பொறுங்கள்.

குடிக்காதவர்கள் தயங்கவே வேண்டாம். 'ஊரோன்-ச்சா' என்றால் குளிர்ந்த ஊலோங் தேநீர். தூரத்திலிருந்து பார்த்தால் விஸ்கி மாதிரியே இருக்கும், யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். கல்பிஸ் என்று ஒரு பால் பானமும் உண்டு, புளிப்பும் இனிப்புமாக, கிட்டத்தட்ட நீர் மோரில் சர்க்கரை போட்ட மாதிரி. 1919-ல் வந்தது. கால்சியத்தின் 'கல்', நெய்யைக் குறிக்கும் சம்ஸ்கிருதச் சொல்லான 'சர்பிஸ்' என்பதன் 'பிஸ்', இரண்டையும் சேர்த்து வைத்த பெயர். ஆனால் மெனுவில் 'கல்பிஸ் சவர்' என்றிருந்தால் அதில் மது உண்டு. அந்த ஒரு சொல்லில் ஏமாந்தவர்களை எனக்குத் தெரியும்.

புட்டியிலிருந்து ஊற்றுகிற பீரோ, சாக்கே எனும் அரிசி மதுவோ வந்தால் தன் கோப்பையில் தானே ஊற்றிக்கொள்வதில்லை. பக்கத்தில் இருப்பவருக்கு நீங்கள், உங்களுக்கு அவர். போதும் என்றால் கோப்பையைக் காலி செய்யாமல் விடுங்கள். காலிக் கோப்பை என்றால் 'இன்னும் ஊற்று' என்று அர்த்தம், நம் இலையில் சாம்பார் வாளிக்காரர் வந்து நிற்பதைப் போல.

சாப்பாடு: மூன்று மூன்றாகச் சொல்லுங்கள்

ஆளைக் கூப்பிட 'சுமிமாசென்!' என்று குரல் கொடுக்க வேண்டும். கை தட்டக் கூடாது, விசிலும் கூடாது, ஆனால் சத்தமாகக் கூப்பிடலாம். மெல்லச் சொன்னால் அந்த இரைச்சலில் யாருக்கும் கேட்காது. மேசையில் பொத்தான் இருந்தால் அழுத்துங்கள். எண்ணிக்கைக்கு 'ஹிதோத்ஸு, ஃபுதாத்ஸு, மித்ஸு, யோத்ஸு' இந்த நாலும் தெரிந்தால் போதும். மெனுப் படத்தில் விரலை வைத்து 'கோரே, ஃபுதாத்ஸு' என்றால் 'இது, இரண்டு'.

நாலு பேருக்கு முதல் சுற்றில் மூன்று அல்லது நாலு தட்டு. அவ்வளவுதான். அவை முடியும் தறுவாயில் அடுத்த மூன்று. மொத்தத்தையும் ஒரே மூச்சில் சொன்னால் சின்ன மேசையில் தட்டு வைக்க இடம் இருக்காது, பாதி ஆறிப்போகும். நான் வழக்கமாகச் சொல்கிற வரிசை இது: உடனே வருகிற ஒன்று (எடமாமே, அதாவது உப்புப் போட்டு வேகவைத்த பச்சை சோயா காய், அல்லது குளிர்ந்த டோஃபு), பொரித்தது ஒன்று (கரா-அகே எனும் கோழி), கொஞ்சம் நேரமெடுக்கும் சுட்டது ஒன்று. எடமாமேயைக் கொறித்துக்கொண்டிருக்கும்போதே கோழி வரும், கோழி தீரும்போது மீன் வரும்.

குச்சியில் சுட்ட கோழியான யாகிதோரி சொன்னால் 'தாரே' வேண்டுமா 'ஷியோ' வேண்டுமா என்று கேட்பார்கள். தாரே இனிப்புச் சோயா குழம்பு பூசியது, ஷியோ வெறும் உப்பு. தொடைக்கறி 'மோமோ', இடையிடையே வெங்காயத்தாள் செருகியது 'நெகிமா', தோல் 'காவா', உருட்டிய கொத்துக்கறி 'த்ஸுகுனே'. தோலை ஷியோவில் சாப்பிடுங்கள். நான் சொன்னேன் என்று சாப்பிட்டுப் பாருங்கள்.

எச்சில் விஷயத்துக்கு வருவோம், நம்மவர்களுக்கு இதுதான் முதல் கவலை. ஆளுக்கு ஒரு சின்னத் தட்டு இருக்கும். நடுத்தட்டிலிருந்து அதில் எடுத்து வைத்துக்கொண்டுதான் சாப்பிட வேண்டும், நடுத்தட்டிலிருந்து நேரே வாய்க்கு இல்லை. தட்டு போதாவிட்டால் 'தோரிசாரா குதசாய்' என்று கேளுங்கள், சலிக்காமல் கொடுப்பார்கள். நெருங்கிய நண்பர்கள் தாங்கள் சாப்பிடுகிற குச்சியாலேயே எடுப்பார்கள். அது பிடிக்காவிட்டால் 'தோரிபாஷி' என்று கேட்டுப் பொதுக் குச்சி ஒரு ஜோடி வாங்கி நடுவில் வைத்துவிடுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

குச்சி பிடிக்கத் தெரியாதது குற்றமே இல்லை. இரண்டு காரியம் மட்டும் செய்யாதீர்கள். சோற்றில் குச்சியைச் செங்குத்தாகக் குத்தி நிறுத்தாதீர்கள், அது இறந்தவருக்குப் படைக்கிற முறை. ஒருவர் குச்சியிலிருந்து இன்னொருவர் குச்சிக்கு எதையும் கைமாற்றாதீர்கள். தகனத்துக்குப் பிறகு எலும்பை அப்படித்தான் எடுத்துக் கலசத்தில் வைப்பார்கள். மேசை ஒரு நொடி அமைதியாகிவிடும்.

கரா-அகே கூட எலுமிச்சைத் துண்டு வரும். எல்லாவற்றின் மேலும் நீங்களாகப் பிழிந்துவிடாதீர்கள். இது ஜப்பானில் முடிவே இல்லாத பட்டிமன்றத் தலைப்பு. 'பிழியட்டுமா?' என்று ஒரு வார்த்தை கேட்டால் தீர்ந்தது, இல்லாவிட்டால் உங்கள் தட்டில் உள்ளதற்கு மட்டும்.

தட்டில் கடைசியாக ஒரே ஒரு துண்டு மிஞ்சும். யாரும் தொட மாட்டார்கள். நம் வீட்டு விசேஷத்தில் கடைசி வடை அநாதையாகக் கிடக்குமே, அதே கதை. ஒசாகாவைச் சுற்றிய கன்சாய் பக்கம் இதற்கு 'என்ரியோ நோ கதமாரி' என்று பெயரே வைத்திருக்கிறார்கள். தயக்கம் திரண்டு உருண்ட கட்டி என்று சொல்லலாம். 'நான் எடுத்துக்கட்டுமா?' என்று கேட்டுவிட்டு எடுங்கள். தட்டு காலியாகி, அடுத்ததைக் கொண்டுவர இடம் கிடைத்ததே என்று எல்லோருக்கும் நிம்மதி.

சைவம், மாடு, பன்றி

இங்கேதான் நிதானமாகப் படிக்க வேண்டும். இசகாயாவில் கறி இல்லாமல் சாப்பிடலாம். மீன் இல்லாமல் சாப்பிடுவதுதான் கஷ்டம்.

காரணம் 'தாஷி'. நமக்குத் தாளிப்பு எப்படியோ அவர்களுக்கு இந்தச் சாறு அப்படி. எல்லாவற்றிலும் இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. பெரும்பாலும் கட்சுவோபுஷியிலிருந்து எடுப்பது. சூரை மீனை வேகவைத்து, புகையூட்டி, கட்டை மாதிரிக் காயவைத்தது. இலங்கைச் சமையல் தெரிந்தவர்களுக்கு ஒரே சொல்லில் சொல்லிவிடலாம்: மாசி. மாலத்தீவு மாசியும் இதுவும் ஒரே மீன், ஏறக்குறைய ஒரே வேலை. மிசோ சூப், சுருட்டிய முட்டையான தாஷிமாகி, பொரித்த டோஃபுவின் மேல் ஊற்றுகிற சாறு, மாவில் தோய்த்துப் பொரித்த டெம்புராவுக்குத் தொட்டுக்கொள்வது, எல்லாவற்றிலும் இந்த மாசிச் சாறு இருக்கும். குளிர்ந்த டோஃபு, சுட்ட கத்தரிக்காய் மேலெல்லாம் அதையே மெல்லியதாகச் சீவித் தூவுவார்கள். சூடான கத்தரிக்காய் மேல் அந்தச் சீவல்கள் ஆவியில் நெளிந்து ஆடும். முதல்முறை பார்த்தபோது ஏதோ உயிரோடு இருக்கிறது என்று என் நண்பன் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டான்.

தூவியதை மட்டும் தவிர்க்க 'கட்சுவோபுஷி நுகி தே' என்று சொல்லுங்கள், போடாமல் கொடுப்பார்கள். குழம்பில் கலந்ததை எடுக்க முடியாது. ஆகவே அந்தத் தட்டுகளையே விட்டுவிடுவது நல்லது.

'நான் சைவம்' என்று மட்டும் சொன்னால் போதாது. நான் ஒருமுறை 'கறி வேண்டாம்' என்று சொல்ல, சிரித்த முகத்தோடு கொண்டுவந்த சாலட்டில் பன்றித் துண்டுகள். அவர் கணக்கில் பேக்கன் 'கறி'யில் சேரவில்லை. அதனால் பெயர் சொல்லிக் கேளுங்கள்: 'நிகு தோ சகானா வா தாபேராரேமாசென்', கறியும் மீனும் சாப்பிட முடியாது. பன்றி இருக்கிறதா என்று கேட்க 'புதானிகு ஹைத்தே இமாஸ் கா?', மாட்டுக்கு 'க்யூநிகு'. பேச்சில் சிரமம் என்றால் போனில் ஜப்பானிய எழுத்தில் சேமித்து வைத்துக் காட்டுங்கள். பரிமாறுகிறவர் அதை அடுக்களைக்கே எடுத்துப் போய்க் கேட்டு வருவார்.

ஓரளவு நம்பிச் சாப்பிடக்கூடியவை: எடமாமே, குளிர்ந்த தக்காளித் துண்டு, சுட்ட ஷிஷிதோ மிளகாய் (தூவலைத் தவிர்த்து), வெண்ணெயில் வதக்கிய சோளம், உருளை வறுவல், டெம்புராக் காய்களை வெறும் உப்புத் தொட்டு, சோயா தடவிச் சுட்ட சோற்று உருண்டை. உருளைக்கிழங்கு சாலட்டில் பெரும்பாலும் ஹாம் இருக்கும். கிம்ச்சியில் இறால் அல்லது மீன் ஊறல் இருக்கலாம். கோழி பொரித்த எண்ணெயிலேயே காயும் பொரிப்பார்கள், அது ஆகாது என்பவர்களும், சமையலில் துளி மதுகூடச் சேரக் கூடாது என்பவர்களும் இசகாயாவை விட்டுவிடுவதே நல்லது. மிரின் என்கிற இனிப்புச் சமையல் மதுவும் சாக்கேயும் இல்லாத குழம்பு அங்கே அபூர்வம். கூட்டத்தில் அப்படி ஒருவர் இருந்தால் அவரை எடமாமேயோடு உட்காரவைத்து ஆயிரக்கணக்கில் பங்கு வாங்காதீர்கள், வேறு கடை பாருங்கள்.

குடிக்கிற அளவு குடிக்கலாம் என்றால்

'நோமிஹோதாய்' என்பது ஒரே கட்டணத்தில் குறிப்பிட்ட நேரத்துக்கு அளவில்லாப் பானம். தொண்ணூறு நிமிடம் அல்லது இரண்டு மணி நேரம் இருக்கும். பொதுவாக மேசையில் உள்ள எல்லோரும் எடுத்தாக வேண்டும், இருவர் மட்டும் என்று விட மாட்டார்கள். கையில் உள்ள கோப்பை காலியானால்தான் அடுத்தது. முடிவதற்கு அரை மணி முன்னால் 'கடைசி ஆர்டர்' கேட்க வருவார்கள். நாலு பேரில் இரண்டு பேர் தேநீர் குடிக்கிறவர்கள் என்றால் இது நஷ்டக் கணக்கு. தனித்தனியாகச் சொல்வதே மலிவு.

பில்

முடிக்கும் முன்னால் வயிற்றை நிரப்ப 'ஷிமே' என்று ஒன்று சொல்வார்கள்: சோற்று உருண்டை, தேநீர் ஊற்றிய சோறு, நூடுல்ஸ். நமக்குத் தயிர்சாதம் மாதிரி. அப்புறம் 'ஒகாய்கேய் ஒனெகாய்ஷிமாஸ்' என்று சொல்லலாம், அல்லது தூரத்தில் இருப்பவருக்கு இரண்டு ஆட்காட்டி விரலையும் பெருக்கல் குறிபோல வைத்துக் காட்டலாம். சில இடங்களில் மேசையிலேயே காசு, சில இடங்களில் சீட்டை எடுத்துக்கொண்டு வாசல் கல்லாவுக்குப் போக வேண்டும்.

வரி சேர்த்த விலையைக் காட்டுவது 2021 ஏப்ரலிலிருந்து கட்டாயம். ஆனால் வரியில்லாத விலையைப் பெரிதாகவும் சேர்த்ததைப் பொடியாகவும் அச்சிடுகிற மெனுக்கள் நிறைய. உட்கார்ந்து சாப்பிட்டால் பத்து சதவீதம். சில கடைகள் இரவு பத்துக்கோ பன்னிரண்டுக்கோ மேல் கூடுதலாகவும் போடும். மிதமாகக் குடித்துச் சாப்பிட்டால் தலைக்கு 3,000 முதல் 4,000 யென் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். டிப்ஸ் கிடையாது. மீதியை மேசையில் விட்டுவிட்டு வந்தால் மறந்துவிட்டீர்கள் என்று நினைத்துத் தெருவரை ஓடிவந்து கொடுப்பார்கள்.

பங்கு போடுவது 'வாரிகான்'. மொத்தத்தைத் தலையால் வகுப்பார்கள், யார் எத்தனை குச்சி தின்றார்கள் என்ற கணக்கு எடுப்பதில்லை. நெரிசல் நேரத்தில் கல்லாவில் நின்று ஆளுக்கு ஆள் தனி பில் கேட்டால் பல கடைகள் மறுத்துவிடும். ஒருவர் மொத்தமாகக் கொடுத்துவிட்டு, மற்றவர்கள் அவருக்குப் பேபே (PayPay) மாதிரிப் பணம் அனுப்பும் செயலியில் அனுப்புவதுதான் இப்போதைய வழக்கம். ஆயிரம் யென் தாள் சில கையில் இருப்பதும் நல்லது, சின்னக் கடைகளில் ரொக்கம் மட்டும்தான். குடிக்காதவரிடம் ஐந்நூறோ ஆயிரமோ குறைத்து வாங்குவது நல்ல கூட்டத்துக்கு அடையாளம். கணக்கை மேசையிலேயே பேசி முடித்துவிட்டு எழுந்திருங்கள்.

வெளியே வந்த பிறகு

எழும்போது 'கோச்சிசோசாமா தெஷ்தா' என்று அடுக்களைப் பக்கம் பார்த்துச் சொல்லுங்கள். மரப்பலகையைச் செருகி ஷூவை எடுங்கள். வெளியே எல்லோரும் கடை வாசலிலேயே கால் மணி நேரம் நிற்பார்கள், 'நிஜிகாய்' என்கிற இரண்டாம் ஆட்டத்துக்கு வேறு கடை போவதா வீட்டுக்கா என்று. வீட்டுக்கு என்று சொல்லத் தயங்க வேண்டாம். கடைசி ரயில் நள்ளிரவை ஒட்டிப் போய்விடும், அதற்குப் பிறகு டாக்சிக்குக் கொடுப்பதில் இன்னொரு இரவு சாப்பிடலாம். நிலையத்தில் சைக்கிள் நிறுத்தியிருந்தால் காலையில் வந்து எடுத்துக்கொள்ளுங்கள். போதையில் சைக்கிள் ஓட்டுவதற்கான தண்டனையை 2024 நவம்பரில் கடுமையாக்கிவிட்டார்கள், சிறைவரை போகும்.

அன்றைய பில்லை மூத்தவர் யாராவது கொடுத்திருந்தால், வாசலில் ஒருமுறை நன்றி சொன்னதோடு விடாதீர்கள். மறுநாள் காலை அவரைப் பார்த்ததும் முதல் வேலையாக 'கினோ வா கோச்சிசோசாமா தெஷ்தா' என்று சொல்லுங்கள், நேற்றைய சாப்பாட்டுக்கு நன்றி என்று. அடுத்த தடவை கூப்பிடுவார்.